கழுவிய மணலில் ஒரு வீடு

மண் தின்றாளாம். தின்றாள்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் எதற்குத் தின்றாள் என்று கேட்க ஒருத்திக்காவது வாய் வந்ததா? "வாயும் வயிறுமா இருக்கறவதான் மண்ணைத் தின்பா, சாம்பலைத் தின்பா. இவ புருஷன் கப்பலேறி எத்தனை வருஷமாச்சு? இவளுக்கு எங்கேருந்துடி வந்துச்சு மசக்கை?" என்று கிணற்றடியில் பற்றவைத்தவள் ரேடியோ. பெற்றவர்கள் அவளுக்கு நல்ல பேராகத்தான் வைத்திருந்தார்கள். வாய் மூடாத காரணத்தால் தீவே கூடி வைத்த பேர் இது.

அதோடு விட்டாளா? "பொழுதன்னிக்கும் குடம் குடமா தண்ணியைச் சுமந்துக்கிட்டு அந்தப் பக்கம் போறாளே, ஒத்தைப் பொம்பளைக்கு எதுக்கு அவ்வளவு தண்ணி? அங்க எவனோ குளிக்கிறான், நான் சொல்றேன் பாரு."

எவனோ! சுவர் இடுப்புயரம்கூட எழும்பாத இடம். ஒரு கோழியை ஒளித்துவைக்க வழியில்லை. அங்கே ஓர் ஆம்பிளையை எப்படி மடித்து, எதற்குள் வைத்திருப்பாள்? இதை யோசிக்க மட்டும் கிணற்றடியில் ஒருவருக்கும் நேரமில்லை.

ஊரே வாயில் போட்டு மென்ற அந்தப் பெண்ணை முடிச்சு என்பார்கள். படகுத்துறை ஓரத்து வலைக்கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளுக்கு முடிச்சுப் போடுவது அவள் பிழைப்பு. அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்து ஒரு மீன் தப்பியது என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. மனசிலும் அப்படித்தான், ஒரு சந்தேகம் விழுந்துவிட்டால் லேசில் அவிழாது. பிறவிக் குணம் இல்லை அது. "மழை முடிஞ்சதும் வந்து நிக்கறேன்" என்று கப்பலேறிய புருஷன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன குணம். எத்தனையோ மழை முடிந்தது. செத்தான் என்றும் சேதி இல்லை, இருக்கிறான் என்றும் சேதி இல்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்வாள், மனசில் வாங்கிக்கொள்ளமாட்டாள். பால்காரன் வந்தால் முதல் சொட்டு உள்ளங்கையில், பிறகு நாக்கில். நாக்கு சரி என்றால்தான் பாத்திரம் நீளும்.

அண்ணன் வீட்டில் அவளுக்குக் கிடைத்த இடம், மூட்டை அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள நடை. படுத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் அவள் காலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவளுடைய தகரப் பெட்டியின் கொக்கியில் எப்போதும் ஒரு நூல் முடிச்சு இருக்கும், யாராவது திறந்தால் தெரியட்டும் என்று. அண்ணி அதைப் பார்க்கும்போதெல்லாம், "உள்ள என்னடி, புருஷனையா கட்டி வெச்சிருக்கே?" என்பாள். கிண்டல் பண்ணுகிறவள் பெட்டிப் பக்கம் வந்திருக்கிறாள் என்பது மட்டும் முடிச்சின் மனசில் பதிந்துவிடும்.

ஒருநாள் மத்தியானம், அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படகு இஞ்சின் பழுது பார்க்கிறவன் அவன். பக்கத்தில், இஞ்சின் வேலையாக வந்திருந்த படகோட்டியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார். குழம்பை ஊற்றிக்கொண்டே முடிச்சு சொன்னாள்:

"எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு வேணும்ணே."

"கதவா? கதவை மட்டும் வாங்கி மாட்டிக்கிட்டா போதுமா, சுவரு வேணாமா?"

"சுவரையும் கட்டிக்கிறேன். அப்பா விட்டுட்டுப் போன அந்தப் பக்கத்துச் சரிவு சும்மாதானே கெடக்கு."

தீவின் அந்தப் பக்கத்தில் வெறும் கல்லும் காற்றும்தான். ஆடுகள்கூட வேறு வழியில்லாமல்தான் அங்கே மேயும். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி போ. மழைக்கு முன்னாடி அங்க ஒரு கூரை நின்னா அந்த இடம் உன்னுது. நிக்கலேன்னா நான் ஆட்டுப்பட்டி போட்டுடுவேன். அப்புறம் வீடு கீடுன்னு வாயைத் திறக்கக்கூடாது."

முடிச்சு கரண்டியைக் கீழே வைத்தாள். "படகுக்காரரே, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"காது இருக்கேம்மா, கேக்காம என்ன பண்ணும்" என்றார் அவர்.

தீவில் இருந்த ஒரே கொத்தனார் வரமாட்டேன் என்றுவிட்டார். "ஒங்கண்ணன் மூஞ்சியில நான் தினம் முழிக்கணுமில்ல?" அவ்வளவுதான். சிறு பெண்ணாக இருந்தபோது துறையில் மீன் கிடங்கு கட்டிய சமயம் முடிச்சு சித்தாளாகக் கலவை சுமந்திருக்கிறாள். எவ்வளவு சுண்ணாம்புக்கு எவ்வளவு மணல், தூக்குக்குண்டு எப்படிப் பிடிப்பது எல்லாம் பார்த்த கண். மறந்த கை இல்லை. உடைந்த படகொன்றின் பலகைகளை வாங்கி, சுவருக்கு முன்னாலேயே கதவைச் செய்து ஒரு பாறையில் சாத்தி வைத்தாள். வீடில்லாத கதவு. பார்த்தவன் எல்லாம் தட்டிவிட்டுப் போனான்.

கல் அங்கேயே கிடைத்தது, மணல்தான் வில்லங்கம். அந்தத் தீவில் ஆறு கிடையாது, கடல் மணல்தான். கடல் மணலை அப்படியே சுண்ணாம்பில் கலந்து கட்டினால் சுவர் உப்புப் பூக்கும், பிறகு பொரிந்து உதிரும். அதனால் வீடு கட்டுகிறவர்கள் மணலைச் சரிவில் கொட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, அடுத்த வருஷம்தான் கட்டுவார்கள். மழைக்கு முன்னால் கூரையை நிறுத்தவேண்டியவள் எந்த மழையில் நனைப்பாள்? ஊர்க் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து, மணல் குவியலின் தலையில் ஊற்றி, உப்பை அடியில் வடியவிட்டாள். உப்பு போயிற்றா இல்லையா என்பதை எது சொல்லும்? நாக்குதான் சொல்லும். ஒவ்வொரு குவியலிலும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பாள். இதுதான் அம்மா, அவள் மண் தின்ற கதை! இதற்குத்தான் மசக்கை, இதற்குத்தான் எவனோ குளித்தது.

கிணற்றடியில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லமாட்டாள். "என் மணலை நான் கழுவறேன், இவளுக எதுக்கு?" என்று பிடிவாதம்.

காலையில் வலைக்கொட்டகை, மத்தியானத்துக்கு மேல் சரிவு. சுவர் தோளளவுக்கு வந்தது. கொட்டகைக்கும் கிணற்றுக்கும் போகும் நேரம் தவிர, பொழுது சாயும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டாள். ஒருநாள் மேற்குச் சுவருக்குக் கலவை போட்டுக்கொண்டிருக்கும்போது காற்று ஒரு சுழற்று சுழற்றியது. குவியலிலிருந்து பறந்த மணல் வாயில் விழுந்தது. துப்பப்போனவள் அப்படியே நின்றாள்.

உப்பு.

அவளே கழுவி, அவளே ருசி பார்த்துத் தேறிய குவியல் அது. தேறியதை இரண்டாவது தடவை சோதிக்கவில்லை. வாழ்க்கையில் நம்பியது ஒரே ஒரு மணல் குவியலை, அதுவும் கழுத்தறுத்துவிட்டது.

யார்? கடல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினானா அண்ணன், பட்டி போடும் ஆசையில்? கிணற்றுத் தண்ணீருக்கு வயிறெரிந்த ரேடியோவா? தான் வராமலேயே சுவர் எழும்புகிறதே என்று கொத்தனாரா? "சுவரு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று தினமும் கேட்கிறாரே படகோட்டி, அவருக்கு என்ன அவ்வளவு அக்கறை? அண்ணியை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. முட்டி வலி என்று வாசல்படி தாண்டாதவள் அவள். மறுநாள் கொட்டகைக்குப் போகுமுன் குவியல் முழுக்க விரலால் வலை மாதிரி கோடு கிழித்து வைத்தாள். திரும்பி வந்தபோது உச்சியில் கோடு இல்லை, புது மணல். அன்றிரவு அண்ணன் கையைப் பார்த்தாள், கிரீஸ்தான் இருந்தது.

இதற்குள் கிணற்றடிப் பேச்சு அண்ணன் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்தநாள் உச்சிவெயிலில் கையில் ஸ்பேனரோடு வலைக்கொட்டகைக்கு வந்துவிட்டான். பின்னால் படகோட்டி. அவருக்குப் பின்னால் ரேடியோ, கூப்பிடாமலேயே.

"எந்திரி. அங்க யாரை வெச்சிருக்கேன்னு நீயே வந்து காட்டு."

"நானும் அதைத்தான்ணே தேடறேன்" என்று ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தாள் முடிச்சு. அண்ணனுக்கு அது புரியவில்லை.

மேடேறிப் பார்த்தால், மேற்குச் சுவருக்கு மேலே ஒரு தலை. தலைப்பாகை கட்டிய தலை.

"பாத்தீங்களா! நான் சொன்னப்ப வாயில அடிச்சீங்களே, பாத்தீங்களா!" ரேடியோவுக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது.

ஊர் சொன்னது நிஜம்தானோ, தனக்கே தெரியாமல் இங்கே ஓர் ஆள் இருந்தானோ என்று ஒரு நிமிஷம் முடிச்சு தன்னையே சந்தேகப்பட்டாள்.

"எவன்டா அது? வெளிய வாடா!" என்று அண்ணன் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு ஓடினான்.

சுவரைச் சுற்றிக்கொண்டு அண்ணி வந்தாள். தலையில் துண்டைச் சுருட்டி வைத்த சும்மாடு, இடுப்பில் காலிக் கூடை.

"நீயா?"

"நான்தான். ஸ்பேனரை எதுக்குத் தூக்கிட்டு வந்திருக்கீங்க, என்னைக் கழட்டவா?"

படகோட்டி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

முடிச்சு யாரையும் பார்க்கவில்லை. நேரே குவியலுக்குப் போய் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுத் துப்பினாள். "இந்த மணலை எங்கேருந்து அள்ளினீங்க அண்ணி?"

"கரையிலதான். மணலை வேற எங்க அள்ளுவாங்க? எங்க ஊர்ல ஆத்துல அள்ளி அப்படியே கட்டுவோம்."

"ஆத்து மணல்ல உப்பு ஏது? இது கடல்ல ஊறினது. நான் இடுப்பொடியக் கழுவி வெச்சதுமேல கொண்டாந்து கொட்டியிருக்கீங்களே! யாரு சொல்லிக் குடுத்தது, அண்ணனா?"

"அவரு சொல்லி நான் எந்தக் காரியத்தைச் செஞ்சிருக்கேன்?" அண்ணி கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "உனக்கு மணல் பத்தலைன்னு நெனச்சேன். உன் வீடு சீக்கிரம் எழும்பட்டும்னு சுமந்தேன். நீ போனாத்தான் அந்த நடை காலியாகும். மூட்டையை அங்க தள்ளிட்டு, ஜன்னலிருக்கற அந்த மூட்டை ரூம்ல என் தையல் மிஷினைப் போட்டுக்குவேன். இருட்டு மூலையில ஊசிக்கு நூல் கோத்துக் கோத்து என் கண்ணு போச்சுடி."

"ஏண்டி, என் தங்கச்சியை வெரட்டவா பாக்கறே?" என்றான் அண்ணன்.

"நீங்க மட்டும் ஆட்டுப்பட்டிக்குக் கம்பு வெட்டி வெக்கலையா?"

அண்ணன் ஸ்பேனரைக் கீழே இறக்கினான். முடிச்சு மட்டும் விடவில்லை. "அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நம்பியிருப்பியா? எனக்கென்ன திடீர் அக்கறைன்னு, மணலோட என்னையும் சேத்துல்ல தள்ளிவிட்டிருப்பே?"

முடிச்சு கடப்பாரையை எடுத்தாள்.

உப்பு மணல் கலந்தது மேற்குச் சுவரின் மேல்பாதியில். "வெளியில பூசிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் அண்ணன். அவனுக்கும் கொஞ்சம் மனசு இளகியிருந்தது. "ரெண்டு வருஷத்துல அது வாந்தி எடுக்கும்ணே, அப்ப நீங்க வந்து ஏந்துவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துப் போட்டாள். அதையும் சும்மா விட்டார்களா? ஆள் தப்பித்து ஓடியதும் தடயத்தை அழிக்கிறாளாம்! அண்ணி கூடையோடு நின்றதைக் கண்ணால் பார்த்த ரேடியோ சொன்னது இது. பார்த்தால் என்ன? கதை நன்றாக இருக்கும்போது கண் குறுக்கே வரக்கூடாது, அவ்வளவுதான்.

மேகம் கடல்மேல் திரளத் தொடங்கியிருந்தது. மறுபடி முதலிலிருந்து கழுவவேண்டும். அண்ணி மறுநாள் இடுப்பில் ஒரு குடத்தோடு வந்து நின்றாள். முடிச்சு குடத்தில் கைவிட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"விஷமா கலந்திருக்கேன்?"

"கிணத்துலதான் மொண்டீங்களா, கடல்ல மொண்டீங்களான்னு பாத்தேன்."

"கொழுப்புடி உனக்கு" என்றபடி ஊற்றினாள். பிறகு தினமும் வந்தாள், முட்டி வலிக்கிறது என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே. ஒருத்தி ஊற்றுவாள், ஒருத்தி ருசி பார்ப்பாள். இருவருக்கும் இடையில் நல்ல வார்த்தை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சுவர் மட்டும் வளர்ந்தது. மீன் கிடங்கில் கழித்துப்போட்ட பழைய தகரங்களை மேலே ஏற்றி, ஆணி ஓட்டைகளைத் தாரால் அடைத்தாள். படகுப்பலகைக் கதவை நிலையில் மாட்டினாள்.

கடைசித் தகரத்தை அடித்த அன்று அண்ணன் படகோட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். சுவரைத் தட்டினான், மூலையில் குனிந்தான், அண்ணாந்து ஓட்டை தேடினான்.

"இந்தத் தகரம் ஆடுதே."

"ஆடுது, விழலை" என்றாள் முடிச்சு.

படகோட்டி வெளியே கையை நீட்டிப் பார்த்தார். "இன்னும் மழை வரலை, கூரை நிக்குது. நீ சொன்னே, நான் கேட்டேன். போதும், விடுப்பா." அவர் சொல்லி முடிக்கவும் தகரத்தின்மேல் முதல் தூறல் படபடவென்று விழவும் சரியாக இருந்தது. அண்ணன் நனையாமல் இருக்க உள்ளே ஒதுங்கினான். ஒதுங்கிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்ததோ என்னவோ, "கட்டிட்டியே" என்றான், பாதி கோபமும் பாதி வேறு ஏதோ ஒன்றுமாக.

மழை வெறித்த காலையில் முடிச்சு அண்ணன் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். பாயைச் சுருட்டிக் கட்டினாள், பெட்டியைத் தலையில் ஏற்றினாள். அண்ணன் வாசலில் ஏதோ இஞ்சின் சாமானைத் துடைத்துக்கொண்டிருந்தான், நெடுநேரமாக ஒரே இடத்தை.

"ராத்திரிக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றான் தலை தூக்காமல்.

"அடுப்புப் போட்டாச்சுண்ணே."

அண்ணி வழியனுப்ப வருவாள் என்று ஒரு நிமிஷம் நின்றாள். வரவில்லை. திரும்பிப் பார்த்தால், நேற்றுவரை தன் பாய் கிடந்த நடையில் அண்ணி குனிந்து ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, வியர்க்க விறுவிறுக்க. அந்த அவசரத்தில், போகிறவளைக்கூடப் பார்க்கவில்லை. முடிச்சுக்குச் சிரிப்பு வந்தது. சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஒரு மனுஷியை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசல்படி இறங்கினாள்.