ரொட்டிக்குச் சொன்ன ‘தினமும்’

அந்தக் கோடையில் சான் பியாஜோ தெரு வளைவில் மட்டும் அக்ரிப்பினாவின் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. வண்டி திரும்பும்போது ஒயர் லூசாகிவிடுகிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். வண்டியோட்டிய ஜெசுவால்தோ அதை நம்பி ஒயரைக் கழற்றி மாட்டியும் பார்த்தான். வளைவிலிருந்த வீட்டில் செருப்புத் தைப்பவரின் மகள் குறைமாதப் பிள்ளையோடு தூக்கமின்றிக் கிடந்தாள். அந்த வாசல் வந்ததும் அக்ரிப்பினா கட்டைவிரலால் பொத்தானை அணைத்துவிடுவாள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும், அது போதும்.

சிசிலியின் நடுவில், மலைமேல் இருக்கிறது காஸ்தெல்மூரோ. அங்கே யாருக்கு எதை விற்க வேண்டுமானாலும் அக்ரிப்பினாவிடம்தான் வருவார்கள். மத்தி மீன், செருப்புக்கடைத் தள்ளுபடி, சர்க்கஸ், மாதா திருவிழா எல்லாம் அவள் குரலில்தான் ஊரைச் சுற்றும். ஜெசுவால்தோ தர்பூசணி விற்கும் மூன்று சக்கர வண்டியின் கூரையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு, மைக்கோடு அவன் பக்கத்தில் இடுக்கி உட்கார்ந்துகொள்வாள்.

எல்லாவற்றிலும் பெரிது தண்ணீர் அறிவிப்பு. குழாயில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்பதை நகராட்சி அவளிடம் சொல்லும், அவள் ஊருக்குச் சொல்வாள். அவள் சொன்னால் பெண்கள் மாடித் தொட்டிக்கு வால்வைத் திறப்பார்கள். சொல்லாவிட்டால் குடத்தைக்கூட எடுக்க மாட்டார்கள்.

தேர்தல் வந்தால் வேட்பாளர்களும் வருவார்கள். இன்னார் பேசுகிறார், இன்ன இடம், இன்ன நேரம். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராது.

அந்த வருஷம் மேயர் பதவிக்கு நின்ற வக்கீல் வசல்லோ பாதாம் இனிப்புத் தட்டோடு அவள் வீட்டுக்கு வந்தார். ஜெசுவால்தோவும் அங்கே இருந்தான்.

“அக்ரிப்பினா, ஒரே ஒரு வரி. ‘வக்கீல் வசல்லோ புண்ணியத்துல இனிமே தினமும் தண்ணி வரும்.’ அவ்வளவுதான்.”

“வருமா வக்கீலய்யா?”

“தண்ணி ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு. வரும்.”

“வரட்டும். வந்தப்புறம் சொல்றேன்.”

வக்கீல் சிரித்தார். “மத்தி மீனுக்கு மட்டும் புதுசு, புதுசுன்னு கத்துறியே.”

“மீனக் கையில எடுத்து மோந்து பாத்துட்டுத்தான் கத்துறேன். உங்கள எப்படி மோந்து பாக்குறது?”

ஜெசுவால்தோ சிரிப்பை அடக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வக்கீல் கொண்டுவந்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை தர்பூசணி இறக்கிக்கொண்டிருந்தபோது ஜெசுவால்தோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கீழ்த்தெருவில் வேறு ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து அக்ரிப்பினாவின் குரல், “தண்ணீர், தினமும், வரும்” என்றது. பின்னாலேயே ஓர் ஆண்குரல் வக்கீலின் பெயரைச் சொன்னது. அவன் ஓட்டமாக ஓடி அவள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“அக்கா, சொல்ல மாட்டேன்னுட்டு இப்ப…”

அவள் சன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“சளி புடிச்சா போடுறதுக்குன்னு நகராட்சியில கேசட்டு குடுத்து வெச்சேன்ல? அத வெட்டி ஒட்டியிருக்கானுங்க. அந்த ‘தினமும்’ அதே கேசட்டுல ரொட்டிக்கடைக்குச் சொன்னதுப்பா. ‘தினமும் சூடான ரொட்டி’. கேளு, அதுல மட்டும் எப்படிச் சிரிச்சிருக்கேன் பாரு.”

உண்மைதான். மற்ற இரண்டு சொல்லிலும் தண்ணீர் முறையை அறிவிக்கும் கறார்க் குரல். நடுவில் ஒரு சொல் மட்டும் சிரித்தது.

ஆனால் ஊர் அதையெல்லாம் பிரித்துக் கேட்கவில்லை. அக்ரிப்பினா சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். கோடையில் மெத்தையைப் பிரித்து உள்ளிருக்கும் ஆட்டு ரோமத்தை அலசிக் காயவைப்பது அந்த ஊர் வழக்கம். தண்ணீர் போதாமல் பல வருஷமாகத் தள்ளிப்போட்டிருந்த பெண்கள் எல்லாரும் மெத்தைகளைப் பிரித்துவிட்டார்கள். தொட்டியில் இருந்ததையெல்லாம் ஊற்றி ரோமத்தை நனைத்தார்கள். நாளைதான் வருமே.

வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. வக்கீலின் ஆள் கைவிட்டானோ, மேலே குழாய்தான் உடைந்ததோ, தொட்டிகள் காய்ந்து கிடந்தன. பாதி அலசிய ரோமம் வெயிலில் நாறியது. படுக்க மெத்தை இல்லாத பெண்கள் அக்ரிப்பினாவின் வாசலுக்கு வந்தார்கள்.

“உன்ன நம்பித்தானடி பிரிச்சோம்,” என்றாள் தையல்காரி மிம்மா. “இனிமே நீ மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்.”

அக்ரிப்பினா கண் கலங்கி ஜெசுவால்தோ பார்த்தது அந்த ஒருநாள்தான்.

மறுநாள் சனிக்கிழமை, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள். அன்று யாரும் பிரச்சாரம் செய்யக்கூடாது என்பது சட்டம். காலைப் பூசை முடிந்ததும் அவள் வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்தாள்.

“அக்கா, இன்னிக்கு வாயத் தொறந்தா உள்ள வெச்சுருவாங்க.”

“நான் ஓட்டா கேக்கப் போறேன்? ஓட்டுப்பா.”

தெருத் தெருவாகப் போனார்கள். “இது அக்ரிப்பினா. நாளைக்குத் தண்ணி வராது. தினமும் வராது. கேசட்டுல வந்தது என் குரல்தான், நான் சொன்னதில்ல. மீதி ரோமத்த நனைக்காதீங்க.”

சதுக்கத்தில் போலீஸ் அதிகாரி கை காட்டி நிறுத்தினார். பின்னால் வக்கீல் நின்றுகொண்டிருந்தார்.

“அம்மா, இன்னிக்குப் பிரச்சாரம் கூடாதுன்னு தெரியாதா?”

“தண்ணி வராதுன்னு சொல்றது பிரச்சாரமா ஐயா? அப்ப வரும்னு சொன்னது என்ன?”

கூட்டம் சேர்ந்துவிட்டது. அதிகாரி வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் தாழ்ந்த குரலில், “நகராட்சி வேலைய நெனச்சுப் பாரு அக்ரிப்பினா,” என்றார்.

அவள் மைக்கை அணைக்காமலே பதில் சொன்னாள். “எடுத்துக்கங்க. வேலை உங்களது. குரல் ஆண்டவர் குடுத்தது.”

அது நாலு தெருவுக்குக் கேட்டது. அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வழி விட்டார்.

இருந்தும் வக்கீல் கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். சொன்னபடியே வேலையைப் பிடுங்கி, நகரத்துப் பெண் ஒருத்தியின் குரலைப் பதிந்து புதுக் காரில் சுற்றவிட்டார். இனிமையான குரல். அது கேட்டதும் பெண்கள் சன்னலைத் திறந்து, காரைப் பார்க்காமல், தெருக்கோடியில் மூன்று சக்கர வண்டி வருகிறதா என்று பார்த்தார்கள். அந்த வண்டி வந்ததும் முதலில் வெளியே வந்து நின்று கேட்டவள் மிம்மாதான். அக்ரிப்பினா தினமும் தண்ணீர் ஆபீஸ் கதவைத் தட்டி முறை கேட்டுவந்து, யாரும் சம்பளம் தராமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல வருஷம் கழித்து ஜெசுவால்தோவின் முழங்கால் ஓய்ந்துபோய், அவனை மகள் வடக்கே தூரின் நகரத்துக்கு அழைத்துக்கொண்டாள். வண்டியை விற்றாயிற்று. பஸ் நிறுத்தத்தில் அக்ரிப்பினா அவன் நெற்றியில் சிலுவை போட்டாள்.

“இனிமே உனக்கு யாரு வண்டி ஓட்டுவா அக்கா?” என்று கேட்டான். “வக்கீலோட மகன் வேற இப்ப மேயருக்கு நிக்கிறானாம்.”

“நிக்கட்டும், நல்லா நிக்கட்டும். நான் நடந்து போய்ச் சொல்றேன். நீ ஏறு, பஸ்ஸு கெளம்பிரும்.”