ஒன்பது நாள் நிறுத்திய மருந்து

என் தம்பி நாலு வருஷம், தினமும் காலை எட்டு மணிக்கு, அரசாங்க கிளினிக்கில் மெத்தடோன் குடித்தான். ஹெரோயின் பொடியை விட நினைக்கிறவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற மருந்து அது. இருமல் மருந்து மாதிரி ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். மருந்து கொடுக்கிற மலாய்ப் பெண்ணை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவள் கண் முன்னால் குடித்து, மேலே தண்ணீரும் குடித்து, வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாது என்று அந்த ஏற்பாடு. தம்பி நாலு வருஷமும் ஒரே இரண்டு வார்த்தையைத்தான் சொன்னான். "மிஸ்ஸி அழகு." அவளுக்கும் அந்த அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. "போ, நாளைக்கு வந்து இன்னொரு பொய் சொல்லு," என்று மலாயில் விரட்டுவாள்.

அதற்கு முன்னால் இரண்டு தடவை அவனைப் பிடித்து மறுவாழ்வு மையத்தில் அடைத்தார்கள். வரும்போது கன்னம் உப்பி, மாப்பிள்ளை மாதிரி வருவான். இரண்டு மாசத்தில் பழையபடி எலும்பு. ரந்தாவ் பக்கம் எங்கள் தோட்டக் குடியிருப்பில் அவனைக் கண்டால் மோட்டார் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போவார்கள். பிறகு அரசாங்கமே மனசு மாறியது. அடைத்து வைத்து ஆகிற காரியம் இல்லை, மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றது. மருந்து வேலை செய்தது. டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஊசித் தழும்பை மறைக்க வருஷக்கணக்காக முழுக்கைச் சட்டையே போட்டவன், ஒருநாள் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தான். நான் குழம்பு ஊற்ற மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கோயில் கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "அந்தத் தண்ணியும் போதைதான்லா. கள்ள விட்டவன் சாராயத்தப் புடிச்ச கதை," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சொலவடை என்றால் உயிர். யார் வாயில் வந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். இதையும் பொறுக்கி வைத்தேன்.

அவன் திருந்தினால் தீமிதிக்க வைக்கிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவள் நான். போன ஆடியில் இரண்டு பேரும் காப்புக் கட்டினோம். ஒன்பது நாள் விரதம். காப்புக் கட்டிய மறுநாள் காலை அவன் கிளினிக்குக் கிளம்பினான். நான் மோட்டார் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"எங்கடா போற? கையில காப்பு இருக்கு."

"மருந்துக்குக்கா."

"அது என்னா மருந்து? சாமிக்குக் காப்புக் கட்டிட்டு அந்தத் தண்ணிய வாயில வைக்கலாமா? ஒன்பது நாளு தாங்க மாட்டியா?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். "நீ சொன்னா சரிக்கா," என்று செருப்பைக் கழற்றினான்.

இரண்டாம் நாள் கொட்டாவி, மூக்கில் தண்ணீர். மூன்றாம் நாள் முதுகு வலி தாங்காமல் சிமெண்டுத் தரையில் உருண்டான். ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது. பேதி வேறு. ஒரு தடவை மட்டும், "ஒரு வாய் குடிச்சிட்டு வந்துடறேனே," என்று கேட்டான். "அம்மா சோதிக்கிறாடா," என்றேன். வேப்பிலைத் தண்ணீர் வைத்துக் குளிப்பாட்டினேன். தாயைப் போலப் பார்த்துக்கொண்டேன் என்று அப்போது எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் தீயில் நடந்தான். நடந்து வந்து பால் குழியில் கால் வைத்து நின்றபோது, அந்தப் பெரியம்மாவே அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அது. அன்றைக்கு என்னைவிடப் பெருமைப்பட்ட பெண் அந்தத் தோட்டத்தில் இல்லை.

திங்கட்கிழமை கிளினிக்குப் போனான். மிஸ்ஸி புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு நாளுக்கு மேல விட்டுப்போனா பழைய அளவு தரக் கூடாது. உடம்பு மறந்திருக்கும், மூச்சே நின்னுடும். டாக்டர் பார்த்துக் குறைந்த அளவிலிருந்துதான் ஆரம்பிக்கணும்," என்றாளாம். அந்த டாக்டர் புதன்கிழமைதான் வருவார். எங்கேயும் போகாதே, வேறு எதையும் தொடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவன் சிரித்தான்.

"ஒன்பது நாளு தாங்குனேன். ரெண்டு நாளு தாங்க மாட்டேனாக்கா?"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடக் கேண்டீன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை உடைத்தார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். ஒரு பக்கத்துச் சட்டைக் கை மட்டும் மேலே ஏறியிருந்தது.

ஹெரோயினைப் பழைய அளவிலேயே ஊசியில் ஏற்றிக்கொண்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்தை நிறுத்திய உடம்பு அதைத் தாங்காதாம். மிஸ்ஸி சொல்லி அனுப்பியதும் இதைத்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் கிளினிக் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மிஸ்ஸி அதை வாங்கி, மூடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய ஒன்பது கட்டமும் வெறுமையாக இருந்தது.

"எங்க போயிருந்தான், ஆன்ட்டி?"

விரதம் என்றேன். நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்றும் சொன்னேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

அவள் கார்டை மூடினாள். பிறகு மெதுவாக, "நோன்பு மாசத்துல எங்க ஆளுங்களுக்கு நேரத்தை மாத்தித் தர்றோம், ஆன்ட்டி. நோன்பு திறந்த பிறகு வந்து குடிப்பாங்க. நிறுத்தறது இல்லை. சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருப்போம்," என்றாள்.

கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவளையும் கேட்கவில்லை, பூசாரியையும் கேட்கவில்லை.

என் பிரஷர் மாத்திரையும் அதே கவுண்டரில்தான் வாங்குவேன். வந்ததுதான் வந்தீர்கள், வாங்கிக்கொண்டு போங்கள் என்று அவளே எடுத்து வந்தாள். பையில் போடும்போது, எல்லாரிடமும் கேட்கிற வழக்கத்தில், "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா? நடுவுல ஏதும் விட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு நாளும் விடலை," என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கையில் காப்பு கட்டியிருந்த ஒன்பது நாளும், விடிந்து பல் விளக்கியதும், முதல் வேலையாக நான் அந்த மாத்திரையைத்தான் போட்டேன். விரதம் கெட்டதாக எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையிலும் போட்டேன். அவன் தரையில் உருண்டுகொண்டே, என் கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தான்.