மேட்னி ஷோவும் என் தோப்பு மோட்டாரும்

போன ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஒரு சினிமா பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, உள்ளே இருந்தேன் என்பதே சரி.

கூட்டிப்போனவர் செல்லத்துரை. குச்சனூர் பக்கம் என் தென்னந்தோப்புக்குக் கீழ்த் தோட்டக்காரர். நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ரிட்டயர் ஆனவன் என்பதால் என்மேல் அவருக்குத் தனி மரியாதை. “தலைவர் படம் சார். இதப் பாக்காமச் செத்தா கட்டை வேகாது” என்றார்.

தோப்பு மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். போனில் கூப்பிட்டால் ஓடும். மறுபடி கூப்பிட்டால் நிற்கும். தோப்பு முழுக்கத் தண்ணீர் பாய இரண்டரை மணி நேரம். எனக்குத் தெரிந்த சினிமாவும் இரண்டரை மணி நேரம். என்ன ஒரு பொருத்தம்! என்னை நானே மெச்சிக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

படம் தொடங்கியதும் முன் வரிசையில் ஒருவர் போனைத் திறந்தார். கண் கூசியது. “தியேட்டர்ல போனை நோண்டுறது நாகரிகமா?” என்று வகுப்பறைக் குரலில் கேட்டேன். நாலைந்து பேர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் வினை.

இடைவேளையில், பாதித் தோப்பு நனைந்திருக்கும் என்ற திருப்தியோடு முட்டை பப்ஸ் தின்றேன். மணி பார்க்கவில்லை. இடைவேளை என்றால் பாதிதானே?

பிற்பாதியில் அணை உடைந்தது. ஹீரோ ஒற்றைத் தோளால் மதகை அடைத்தார். அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் என் தண்ணீர் ஞாபகம் வந்தது. இரண்டரை மணி நேரம் எப்போதோ தாண்டியிருக்கும். தோப்பு நிறைந்தால் வரப்பைத் தாண்டிக் கீழே இறங்கும். கீழே செல்லத்துரையின் களம். களத்தில் அவர் காயப்போட்ட மக்காச்சோளம். மறுநாள் லோடு ஏற்ற வியாபாரி வருவதாகப் பேச்சு.

போனை எடுக்க வேண்டும். ஆனால் எப்படி எடுப்பது? நாகரிகம் பேசியவன் ஆயிற்றே... வெளியே போகலாம் என்றால் நடு வரிசை. இத்தனை முழங்கால்களைத் தாண்டுவதற்குள் படமே முடிந்துவிடுமே!

ஹீரோ செத்தார். அப்பாடா என்று எழுந்தேன். கண்ணைத் திறந்தார். உட்கார்ந்தேன். வில்லன் செத்தான். எழுந்தேன். வில்லனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். உட்கார்ந்தேன்.

“என்ன சார், பாத்ரூமா?” என்றார் செல்லத்துரை.

“இல்ல... கால் மரத்துப்போச்சு.”

நீளமான படத்தின் கொடுமை நீளம் அல்ல. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ‘இதோ முடியப்போகிறது’ என்று நம்பவைக்கிறதே — அதுதான்.

கடைசியில் அண்ணனும் செத்து, இரண்டாம் பாகம் வரும் என்று போட்டு விளக்கைப் போட்டார்கள். ஓடிப்போய் ஸ்டார்ட்டரைக் கூப்பிட்டேன். “உங்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது” என்றாள் பதிவுக் குரல்காரி, நிதானமாக. அதற்குப் பிறகுதான் மோட்டாரை நிறுத்தினாள்.

“நேரம் போனதே தெரியல சார்” என்றார் செல்லத்துரை.

ஊர் திரும்பியபோது மக்காச்சோளம் மிதந்துகொண்டிருந்தது. செல்லத்துரை ஒரு கை அள்ளிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். உண்மை வரவில்லை. “எலி வளை போட்டு வரப்பு உடைஞ்சிருக்கு” என்று வந்தது.

நம்பிவிட்டார். வியாபாரி வராமல் போனார். ஈரச் சோளத்தைத் திரும்பக் காயவைக்க நானும் போய்க் கிளறினேன். “சார் மாதிரி ஒரு பக்கத்துத் தோட்டக்காரர் யாருக்குக் கிடைப்பாக?” என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அதோடு நின்றாரா? என் வரப்பில் கூண்டுப் பொறி வைத்தார். புதன்கிழமை ஓர் எலி மாட்டியது.

“பாத்தீகளா சார்? இவன்தான்! ஞாயித்துக்கிழம வரைக்கும் இங்கனயே கிடக்கட்டும். நாலு பேரு வந்து பாக்கட்டும். பெறகு தண்ணித் தொட்டியில முக்கிருவோம்.”

நாலு பேர் வந்து பார்த்தார்கள். திட்டிவிட்டும் போனார்கள். நான் யாருக்கும் தெரியாமல் தேங்காய்ச் சில்லு போட்டேன். அதையும் செல்லத்துரை பார்த்துவிட்டார். “ரொம்ப இளகுன மனசு சார் ஒங்களுக்கு.”

படத்தை முடிக்கத் தெரியாத டைரக்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரிப் பொய்யை முடிக்கத் தெரியாமல் ஒரு வாரமாக நானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

செல்லத்துரை ஞாயிறு காலையில் டீயோடு, பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பவர். ஆகவே செல்லத்துரை, உங்கள் சோளத்தை நனைத்தது என் மோட்டார். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு நிறுத்தாமல் இருந்தவன் நான். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. என்னை என்ன செய்வதென்று நிதானமாக யோசியுங்கள்.

டீயைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அந்தக் கூண்டைத் திறந்துவிடுங்கள்.