தலைவருக்குக் கேட்காத கைமணி

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். எங்கள் தேயிலை எஸ்டேட் மாரியம்மன் கோயில் தலைவர் அம்மனுக்கு உண்மையாக உழைத்தவர். குளிருக்குக் கம்பளிக் குல்லா, நெற்றி நிறையத் திருநீறு. மைக்கைத் தட்டி, “கேக்குதா?” என்பார். நாங்கள் சொல்லும் பதில்தான் அவருக்குக் கேட்காது.

தீபாராதனையில் பூசாரி கைமணி அடிப்பதே இல்லை, வேலையை விட்டு நிறுத்தவேண்டும் என்று ஒருநாள் கமிட்டியைக் கூட்டினார். பாவம், பூசாரி எல்லார் முன்னும் மணியை அடித்துக் காட்டினார்.

“கேட்டவங்க கை தூக்குங்க,” என்றார் தலைவர்.

கமிட்டியில் என்னையும் சேர்த்து எல்லாரும் அவர் வயதுக்காரர்கள். ஒரு கையும் எழவில்லை. பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள்.

“கமிட்டிக்காரங்க மட்டும்தான் லா,” என்றார் தலைவர்.

பக்கத்து டவுன் தானா ராத்தாவில் என் காதைப் பார்த்த டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

“தலைவரே, வயசானா உள்காது தேஞ்சு போவுமாம். மெல்லிசான சத்தம்தான் முதல்ல போவும். கனத்த சத்தம் கேக்கும்.”

“அது ஒன் காதுய்யா. நாளைக்கும் இவன் அடிக்கலன்னா வேற ஆள்தான்.”

மறுநாள் பூசாரி கைமணியை ஆட்டியபோது, திருவிழாவுக்கு மட்டும் அடிக்கும் கண்டாமணியின் கயிற்றை வாசலில் நின்று என் மனைவி இழுத்தாள். தலைவர் கைகூப்பினார், கண்ணீர் வழிந்தது.

“இப்பதான்யா ஒழுங்கா அடிக்கிற,” என்றார் பூசாரியிடம்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். சிரிப்புக்காக அந்தக் கண்ணீரை விட்டுவிடாதீர்கள்.