இந்த மாதம் தூங்க நல்ல படங்கள்

படத்தின் இயக்குநரே நேரில் வந்து ரசிகர்களைச் சந்திக்கப்போகிறார் என்றால் எந்தத் தியேட்டர் மேனேஜரும் வாசலில் வாழைமரம் கட்டுவார். நான் கட்டவில்லை. அவர் பார்க்க வரும் ரசிகர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரியும். அவர்கள் தூங்குவதற்கென்றே அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துப் போட்டவள் நான்தான்.

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் இந்த மாதம் எந்தப் புதுப்படத்துக்குப் போகலாம் என்று இதில் தேடினால், நீங்கள் எந்த ஷிப்ட் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

1. எட்டரை மணிக் காட்சி

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் உருளும் சாலையோரம் இருக்கிறது எங்கள் தியேட்டர். ஒரே திரை. நன்றாக ஓடும் ஏசி. வேறு பெருமை எதுவும் கிடையாது. ஊர் உலகத்தில் காலைக் காட்சி பதினோரு மணிக்கு என்றால் இங்கே எட்டரைக்கு. நைட் ஷிப்ட் முடித்தவர்களைக் கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டுப் போகும் நேரம் அது. எனக்கு முன்பிருந்த மேனேஜர் வைத்த வழக்கம். ஏன் வைத்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மண்ணூரிலிருந்து வந்து டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்த என்னை, முதலாளி தேவராஜ் அண்ணன் மேனேஜர் ஆக்கினார். முதல் வாரமே அந்தக் காட்சிக்குப் பெரிய ஹீரோ படம் ஒன்றைப் போட்டேன். ஹீரோ கதவை உடைத்துக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் ஒரு மார்க்கெட்டையே அடித்து நொறுக்கினார். இன்டர்வெல்லில் என் அறைக்கு ஒருவர் வந்தார். பெயர் முருகேசன். ராமநாதபுரம் பக்கத்து ஆள், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பிரஸ் ஷாப். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

“என்னக்கா இது? ராத்திரி பூராம் தகரத்தை டம்மு டம்முன்னு அடிக்கிற சத்தத்துல நிக்கிறோம். இங்கிட்டு வந்தா இங்கயும் அதேதானா?”

“சண்டைப் படம்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்?”

“படம் பாக்க எவன்க்கா வந்தான்?” என்றார் முருகேசன்.

அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வல்லத்திலும் மாத்தூரிலும் ஷீட் போட்ட அறைகள். ஒரே பாயை ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள். மே மாதப் பகலில் அந்தக் கூரைக்குக் கீழே உடம்பு தோசையாகப் புரளும். பகல் ஷிப்ட்காரனுக்கு வார விடுமுறை வந்துவிட்டால் அந்தப் பாயும் இல்லை. இருட்டு, குளிர், யாரும் எழுப்பாத மூன்று மணி நேரம். இந்தத் தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் இந்த மூன்றும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும் இடம் எங்களுடையதுதான்.

2. புதுப்படங்கள், வகை வாரியாக

அன்றிலிருந்து மாதாமாதம் புதுப்படப் பட்டியல் பேச விநியோகஸ்தர் ஆபீஸ் குமார் போன் செய்தால், நான் கேட்கும் முதல் கேள்வி சத்தத்தைப் பற்றித்தான்.

“இன்னாக்கா நீ, ஹீரோ யாரு, ஹீரோயின் யாருன்னு கேப்பாங்க. நீ இன்னாடான்னா சவுண்டு எப்டி கீதுன்னு கேக்குற?”

“நீ சொல்லு தம்பி. இடி இருக்கா, வெடி இருக்கா?”

வருடக்கணக்காகக் கேட்டதில் எனக்கொரு படிப்பு உண்டாகிவிட்டது. பேய்ப் படத்தை நம்பாதீர்கள். பாதிப் படம் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, நீங்கள் அசந்த நேரமாகப் பார்த்து அலறும். ஒருமுறை பெயின்ட் ஷாப் ஆள் ஒருவர் நாற்காலியோடு முன்வரிசை மேல் சாய்ந்தார். நகைச்சுவைப் படத்தில் குற்றம் படத்துடையது அல்ல, விழித்திருக்கும் நாலு பேர் சிரித்து மற்றவர்களைக் கெடுத்துவிடுவார்கள். காதல் படம் காதலர்கள் சேர்ந்திருக்கும்வரை பரவாயில்லை. பிரிந்துவிட்டால் வயலின்களுக்கு வேலை வந்துவிடும். கோர்ட் படம் நல்ல தேர்வு, வக்கீல்கள் ஒரே சுருதியில் பேசுவார்கள். அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசாத படம் அதைவிடச் சிறப்பு. கடைசி ரீலுக்கு முன்னால் அவர்கள் சமாதானம் ஆகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வரிசையில்தான் உப்பளப் படம் வந்தது.

3. இயக்குநரின் போன்

படத்தில் ஒரு பெண் உப்பு வாருகிறாள். வாருகிறாள், வாருகிறாள், வெயில் சாய்கிறது. தூரத்தில் கடல். ஒரு லாரி வந்து உப்பை ஏற்றிப் போகிறது. டிரைவர் பேசுவதில்லை. காற்று மட்டும் பேசுகிறது. முன்னோட்டம் பார்த்தபோதே எனக்குக் கொட்டாவி வந்தது. குமாரிடம் உடனே எழுதிக் கேட்டேன்.

மற்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விட்டது அந்தப் படம். எங்கள் எட்டரைக் காட்சியில் தினமும் ஹவுஸ்ஃபுல். அதை டிக்கெட் ஆப்பில் பார்த்துவிட்டு இயக்குநர் கூப்பிட்டார். இளைஞர், முதல் படம், குரலில் ஒரு நடுக்கம்.

“மேடம், ஆடியன்ஸ் எப்படிப் பாக்குறாங்க?”

“ரொம்ப அமைதியா இருக்காங்க சார்.”

“கடைசி வரைக்கும் உக்காந்திருக்காங்களா?”

“லைட்ட போட்டாக்கூட எழுந்திருக்க மாட்டேங்குறாங்க சார்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு சொன்னார்: அடுத்த படத்துக்கு ஒரு தயாரிப்பாளர் பாதி மனதோடு இருக்கிறார், இந்தக் கூட்டத்தை நேரில் காட்டினால் மீதி மனதும் வந்துவிடும், வியாழக்கிழமை காலை அவரை அழைத்து வருகிறேன். “அவர் மாட்டேன்னுட்டா நான் ஊருக்குப் போய் கல்யாண வீடியோதான் எடுக்கணும் மேடம்.”

தேவராஜ் அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு ஒரே குஷி.

“இன்னா பிலோமி, மூஞ்ச இப்டி வச்சிகினு கீற? அல்லாருக்கும் டீ குடு. முழிச்சிகினு இருக்கச் சொல்லு.”

“ராத்திரி முழுக்க நின்னுட்டு வர்றவங்கண்ணா.”

“ஒரு நாளுதான? செத்தா பூடுவாங்க?”

டீ கொடுக்கலாம். டீ குடித்துவிட்டுத் தூங்குவதில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்பது அண்ணனுக்குத் தெரியாது.

4. ரொட்டேஷன்

முருகேசனிடமும், செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜான்சியிடமும் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். ஜான்சி திண்டிவனத்துப் பெண், லேடீஸ் ஹாஸ்டலிலிருந்து வருகிறவர்களுக்கு அவள்தான் தலைவி.

“பாவம்க்கா அந்த டைரக்டரு,” என்றாள். “ஆனா மூணு மணி நேரம் முழிக்கிறதெல்லாம் ஆவாது.”

முருகேசன் தாடையைச் சொறிந்தார். “மூணு மணி நேரம் எதுக்கு? ரொட்டேஷன் போட்டுருவோம். முன்வரிசைக்காரங்க முதக் கால்வாசி பாக்கட்டும். அப்புறம் பின்னாடி வரிசைய எழுப்பி, ஓடுன கதையச் சொல்லி ஹேண்ட்ஓவர் குடுத்துட்டு படுத்துக்கட்டும். இப்படியே நாலு டீமு. கடைசிக் கால்வாசி ஜான்சி டீமு.”

“கடைசில கை தட்டணும்லண்ணே?”

“அது உங்க டார்கெட்டு.”

வியாழக்கிழமை இயக்குநரையும் தயாரிப்பாளரையும் பால்கனியில் உட்காரவைத்தேன். அங்கிருந்து பார்த்தால் தலைகள் மட்டும்தான் தெரியும். தலை சாயாமல் தூங்குவது கம்பெனி பஸ் கற்றுக்கொடுத்த வித்தை. தயாரிப்பாளர் கனத்த உடம்புக்காரர். கண்ணுக்குக் கீழே கருவளையம். உட்காரும்போதே, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, கடன்காரன்கள் போன் என்று முனகினார். படத்தில் முதல் கூடை உப்பு நிறைவதற்குள் அவர் மோவாய் மார்பில் இறங்கிவிட்டது. இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் முழுக்கக் கீழே.

கால்வாசி ஆனது. முன்வரிசைகள் திரும்பிப் பின்வரிசைகளைத் தட்டின. குசுகுசுவென்று பேச்சு.

“பாருங்க மேடம், டிஸ்கஸ் பண்றாங்க,” என்று இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் படியிறங்கிக் கீழே போய் இருட்டில் நின்றேன். அப்போது காதில் விழுந்தது இது.

“இன்னா ஓடிகினு கீது?”

“உப்பு வாருது அந்தம்மா. பிரச்சனை ஒண்ணும் இல்ல. லாரி வந்திருக்கு.”

“டிரைவர் யாரு?”

“பெண்டிங். பாத்து அடுத்தவனுக்குச் சொல்லிரு.”

சொன்னவர் கண்ணை மூடிக்கொண்டார். வேலை சுத்தம்.

படம் முடிந்தது. மழையில் உப்பெல்லாம் கரைகிறது, டிரைவரின் கழுத்துத் துண்டு நழுவுகிறது, கழுத்தில் ஒரு தீக்காயத் தழும்பு. அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். லாரியின் இன்ஜின் அணைகிறது. அவ்வளவுதான் முடிவு. விளக்கு போட்டோம். ஜான்சியின் ஆட்கள் எழுந்து கை தட்டினார்கள். மற்ற வரிசைகளும் எழுந்து நின்றன. பாதிப் பேர் இறங்கும் ஸ்டாப் வந்துவிட்டது என்று எழுந்தவர்கள். தயாரிப்பாளர் அந்தச் சத்தத்தில் கண் விழித்தார். சுற்றிலும் ஒரு கூட்டம் நின்றபடி கை தட்டுவதைப் பார்த்தார். தானும் தட்டினார். முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் தெளிந்திருந்தது.

கீழே வந்த இயக்குநர் ஜான்சியிடம் கேட்டார். “எந்த சீன் பிடிச்சுதும்மா?”

“துண்டு விழுந்ததும் அந்தம்மா ஒரு பார்வை பாக்குது சார். எனக்கு அழுகையே வந்துச்சு. ஆனா அந்த டிரைவர் யாருன்னுதான் தெரியல.”

“மகன்ல?” என்றார் முருகேசன். அவர் முன்வரிசை.

“மகனா? யாரு சொன்னா?”

“முதல்லயே காட்டுறாய்ங்களே. சின்னப் பிள்ளையா இருக்கறப்ப பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வருதுல்ல? கழுத்துல தழும்பு இருக்குமே.”

“இத ஏன்ணே ஹேண்ட்ஓவர்ல சொல்லல?”

“முக்கியம்னு தெரியலத்தா. கடைசில அந்தத் தழும்பு வருதுன்னு எனக்கு யாரு சொன்னா?”

நடுவரிசை ஆள் ஒருவர் குறுக்கே வந்தார். “இருங்க, இருங்க. நடுவுல அவன் ராத்திரி வந்து குடிசைக் கதவத் தட்டப் போய்ட்டு தட்டாம திரும்பிடுவான். அது அதுக்குத்தானா?”

“கதவுகிட்ட வந்தானா?” என்று ஜான்சி கேட்டாள். குரல் மாறியிருந்தது.

நாலு துண்டாக வெட்டிய படம் அந்த வாசலில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் அறைக்குப் போகவில்லை. ஆளுக்கு ஆள் பேசினார்கள். இயக்குநர் கண்கலங்கி நின்றார், ஹேண்ட்ஓவர் என்றதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. தயாரிப்பாளர் கார் கதவருகில் நின்று சோம்பல் முறித்தபடி என்னிடம் சொன்னார்: “படம் ரொம்ப நல்லா கீதும்மா.”

5. மாற்றம்

மறுநாள் எட்டரைக் காட்சிக்கு ஜான்சியும் அவள் ஆட்களும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு. முருகேசன் கடைசிவரை தூங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் காட்சியில் “இதான், இதான்” என்று ஒரு குரல். கதவுக் காட்சியில் அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு. தூங்க வந்தவர்கள் உஸ் உஸ் என்று அதட்டிப் பார்த்தார்கள். சிலர் அரைத் தூக்கத்தில் எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் சாய்ந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் நாற்காலிகள் காலியாயின. மிச்சமிருந்தவர்கள் பார்த்தார்கள், அழுதார்கள், தூங்காத கண்ணோடு மறுபடியும் நைட் ஷிப்டுக்குப் போனார்கள்.

ஒரு காலையில் முருகேசன் என் அறை வாசலில் நின்றார். கட்டைவிரலில் கட்டு. அசதியில் தகட்டை எடுக்கும்போது கிழித்துக்கொண்டதாம்.

“நல்ல படமாப் போச்சுக்கா,” என்றார் வருத்தமாக. “மாத்திருங்க. படுத்தா அந்தக் கதவுதான் கண்ணு முன்னால வருது.”

அடுத்த வெள்ளிக்கிழமை அதை எடுத்துவிட்டுக் கோர்ட் படம் ஒன்றைப் போட்டேன். சனிக்கிழமையே ஹவுஸ்ஃபுல்.

இந்தத் தொழிலில் நான் கற்றதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஹவுஸ்ஃபுல் போர்டை வைத்து ஒரு படத்தை எடை போடாதீர்கள். காட்சி நடக்கும்போது உள்ளே போய் இருட்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மூச்சுச் சத்தம் உங்களுக்குச் சொல்லும், அவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று. அதைக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் கொடுத்தால் தாங்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் கூப்பிட்டார். தயாரிப்பாளர் அடுத்த படத்துக்குச் சம்மதித்துவிட்டார், அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். வீட்டில் தினமும் ராத்திரி போட்டுப் பார்க்கவேண்டும் என்று இந்தப் படத்தின் காப்பி ஒன்றும் வாங்கிக்கொண்டாராம். “அவ்ளோ பிடிச்சிருக்கு மேடம் அவருக்கு.” பிறகு கேட்டார்.

“ஆனா நல்லா போய்ட்டிருந்த படத்த ஏன் மேடம் எடுத்தீங்க?”

பொய் ஒன்று வாய்வரை வந்தது. அந்தக் கதவருகே தட்டாமல் நின்றவனைப் படமாக்கிய ஆளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

“எல்லாரும் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க சார்.”

“புரியல.”

சொன்னேன். ஷீட் கூரை, ஒரே பாய், நைட் ஷிப்ட், ரொட்டேஷன், எல்லாவற்றையும். அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது, அவர் படத்தில் வருவதைப் போல. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

“அதுக்கு முன்னாடி,” என்றார் கடைசியில், “நல்லா தூங்கினாங்களா?”

“நல்லா தூங்கினாங்க சார்.”