குளிரில் இறுக்கிய பலகைகள்

தொண்ணூறுகளின் கடைசியில் லண்டன் சனத்துக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. தொலைக்காட்சியில் வாரம் ஒரு வீட்டின் பின்வளவைப் பலகையால் மூடிக் காட்டுவார்கள். பார்த்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று நின்றார்கள். டெக்கிங் என்று அதற்குப் பெயர். புல்லுக்கு மேலே மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பலகை பரப்பி, கதிரை போட்டு உட்காருவது. வருடத்தில் எத்தனை நாள் உட்காரலாம் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாலைந்து வருடம் என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பைத்தியத்தால்தான்.

நான் ஊரில் வீதித் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவன். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து, பெற்றோல் நிலையத்தில் நின்று, கோழிக்கடையில் எண்ணெய்ச் சட்டி கழுவி, கடைசியில் லண்டனின் தெற்கே சட்டனில் ஓர் அண்ணையிடம் சேர்ந்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தச்சுவேலையும் மேசன் வேலையும் தெரிந்த கை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கடதாசி வாசிப்பது, கவுன்சிலோடு பேசுவது, அளவு எடுப்பது என் பாடு. மிச்சமெல்லாம் அவர் பாடு. படித்தவன் என்ற கொழுப்பு எனக்கு அப்போது நிறையவே இருந்தது. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் பேசாமல் இருப்பேன். அதை மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நான் சொல்ல வந்த வீடும் சட்டனில்தான். வீட்டுக்காரர் தபால் பிரிக்கும் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்பவர், எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். அவருடைய மனைவி ஊரில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இங்கே வேலைக்குப் போகிற வழியில் ஒரு கார் மோதி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய், மூன்று வருடமாகச் சக்கர நாற்காலியில் இருந்தார். கைகளில் மட்டும் குறைவில்லை. சில்லைத் தானே உருட்டிக்கொண்டு கீழ்த்தளம் முழுக்கத் திரிவார், சமைப்பார், உடுப்புத் தோய்ப்பார். குசினிக் கதவோடு எல்லாம் நின்றுவிடும். கதவுக்கு வெளியே இரண்டு படிகள் இருந்தன.

நாங்கள் அளவெடுக்கப் போன அன்று அவர் கதவடியில் வந்து நின்று என்னிடம் சொன்னார்:

"வெயிலைப் பாக்கிறதெண்டாலும் ஒரு ஆளைக் கேட்டுத்தான் பாக்கவேண்டிக் கிடக்கு, தம்பி."

இதுதான் அந்த வேலையின் முழு நோக்கமும். குசினித் தரையும் பலகைத் தரையும் ஒரே மட்டத்தில் வந்துவிட்டால் அவர் யாரையும் கூப்பிடாமல் வெளியே போகலாம். கணவருக்குப் பலகை பராமரிக்க நேரமில்லை என்பதால், மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்த புதுப் பலகையைத் தேடிப் பிடித்திருந்தார். அமெரிக்காவிலிருந்து வருவது. உக்காது, வர்ணம் பூசத் தேவையில்லை, கூட்டிக் கழுவிவிட்டால் போதும். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு பலகைகள் தலைக்குத் தலை சந்திக்கிற இடத்தில் துளியும் இடைவெளி இருக்கக்கூடாது. நாற்காலியின் முன்சில்லு சின்னது, மாட்டிக்கொள்ளும் என்றார். அண்ணைக்கு அது பிடித்த பேச்சு. அவர் பொருத்துகிற இடத்தில் சவர அலகும் நுழையாது.

பலகையோடு வந்த தாளை முதல்நாள் பின்னேரமே வாசித்துவிட்டேன். இந்தப் பலகை வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும். கடுங்குளிரில் பரப்புகிறவர்கள் தலைப்புகளில், அதாவது பலகை முனைகளில், கட்டாயம் இடைவெளி விட வேண்டும். சுவர்ப் பக்கத்திலும் விட வேண்டும். குளிருக்கு ஏற்ப எவ்வளவு என்று பட்டியலே போட்டிருந்தார்கள். எங்கள் பலகைகளோ இரண்டு செங்கல் சுவர்களுக்கு நடுவே, குசினிக் கதவுக்கு நேரே பொருத்து வைத்து நீளவாக்கில் ஓட வேண்டியவை. நீண்டால் அவற்றுக்குப் போக இடமில்லை. இது எனக்கு அன்றே தெரியும். இதைப் பிறகு எவ்வளவு மழுப்பிப் பார்த்தும் மழுப்ப முடியவில்லை.

நாள் பார்த்துத்தான் தொடங்க வேண்டும் என்று வீட்டுக்காரர் நின்றார். தை பிறந்த கையோடு ஒரு நாளை ஐயர் குறித்துக் கொடுத்தார். காலை ஒன்பதேகாலுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நல்ல நேரம். பஞ்சாங்கத்துக்கு உறைபனி தெரியாது. அன்று புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. இரவு தார்ப்பாய்ப் படங்கால் மூடி வைத்த பலகைகளைக் கையுறையோடு தொட்டாலும் விரல் வலித்தது.

வீட்டுக்காரரின் மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவடிக்கு வந்திருந்தார். கணவரின் தமக்கை கற்பூரமும் தேங்காயும் கொண்டுவந்தவர், நாற்காலியின் பிடியைப் பிடித்துப் பின்னால் இழுத்து, அவரைக் குசினி மூலைக்குக் கொண்டுபோய்த் திருப்பி விட்டார். நல்ல காரியம் தொடங்குகிற நேரத்தில் முன்னுக்கு இருக்கக்கூடாதாம். யாருக்காக அந்த வேலை நடக்கிறதோ அவருடைய முகம்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பற்றிக்கொண்டு வந்ததை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன், அதுதானே என் வழக்கம்.

கற்பூரம் எரிந்தது. அண்ணை முதல் பலகையைத் தூக்கினார். தூக்கிய பிறகு, என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அந்தக் கடதாசியில பரப்பிறதைப் பற்றி ஏதும் போட்டிருக்கோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தமக்கை மணிக்கூட்டைப் பார்த்தார். இடைவெளி விடாவிட்டால் கோடையில் இது கிளம்பி வெடிக்கும் என்று அந்த இடத்தில் சொல்ல வேண்டும். கற்பூரம் எரிகிறபோது 'வெடிக்கும்' என்று சொல்பவனை எங்கள் சனம் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். குளிரும் இருந்தது, சீக்கிரம் முடித்துவிட்டு எங்கள் வான் வண்டிக்குள் போய் இருக்க வேண்டும் என்ற அவசரமும் இருந்தது.

"ஒண்டுமில்லை அண்ணை. வழமையானதுதான்" என்றேன்.

அவர் பலகையைச் சுவரோடு சுவராக வைத்து, இரண்டாவதை அதன் தலையோடு சேர்த்து மரச்சுத்தியலால் இறுக்கினார். நல்ல நேரத்தில் வைத்த பலகையைப் பிறகு யாரும் கிளப்பமாட்டார்கள். கிளப்பினால் தொடங்கிய காரியம் குழம்பும் என்பார்கள். மற்றப் பலகைகள் எல்லாம் அதைப் பார்த்தே ஓடின. மூன்று நாளில் வேலை முடிந்தது. அண்ணை குந்தியிருந்து பொருத்துகளைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அதைப்போல் ஒரு சுத்தமான வேலையை அவர் லண்டனில் செய்ததில்லை.

சித்திரையில் ஒருநாள் அந்த வழியால் போனபோது எட்டிப் பார்த்தேன். கணவர் ஷிப்டில் நின்றார். மனைவி தனியாக வெளியே இருந்தார். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மடியில் தட்டு வைத்து, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஒருத்தரையும் கேளாமல் ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் வெளியில வாறன் என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னார். அவ்வளவு சந்தோசமான முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊரில் கண்டதில்லை. நடுப்பொருத்தில் ஒரு பலகையின் தலை ஒரு மயிரளவு எழும்பியிருந்தது. சப்பாத்தால் மிதித்துப் பார்த்தேன். வான் வண்டியிலிருந்து இரண்டு திருகாணி எடுத்துவந்து முடுக்கிவிட்டு, சும்மா ஒரு பலத்துக்கு என்றேன். அவர் நன்றி சொன்னார்.

ஆடி மாதம் வெயில் எறித்துத் தள்ளியது. லண்டனே உடுப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கிடந்த கிழமை. கரும்பழுப்புப் பலகை, காலை வைக்க முடியாத சூடு. நான் முடுக்கிய திருகாணிகளைப் பிடுங்கிக்கொண்டு நடுப்பொருத்து மேலே கிளம்பியிருக்கிறது. மத்தியானம் காயப்போட்ட உடுப்பை எடுக்க அவர் வேகமாக வந்திருக்கிறார். முன்சில்லு அதில் இடிக்க, நாற்காலியோடு முன்பக்கம் விழுந்திருக்கிறார். வலக்கை மணிக்கட்டு உடைந்தது, தோள் விலகியது. கணவர் வேலை முடிந்து வரும்வரை, ஏறக்குறைய மூன்று மணித்தியாலம், அந்தச் சூட்டுப் பலகையில் கன்னம் பட்டபடி கிடந்தார். பக்கத்து வீடுகளில் பாட்டுச் சத்தம். கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

எலும்பு கோணலாகப் பொருந்தியது. தோள் பழைய நிலைக்கு வரவேயில்லை. இனி அவரால் சில்லைத் தானே உருட்ட ஏலாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். படிகள் இருந்த காலத்தில் வீட்டுக்குள்ளாவது திரிந்தார். எங்கள் வேலைக்குப் பிறகு அதுவும் போயிற்று.

புரட்டாதியில் திருத்த வேலைக்குப் போனோம். வீட்டுக்காரர் எங்களை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். தமக்கை நாவூறு, கண் பட்டுவிட்டது என்றார். சித்திரையில் வந்து பார்த்த கண்கள் ஒன்றிரண்டா என்றார். அண்ணைதான் உடைந்து போனார். தலைப்புகளைத் தடவிக்கொண்டு, தான்தான் குளிரில் இறுக்கி அடித்தேன், முப்பது வருட வேலைக்காரனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு மரம் அரியும் வாளை எடுத்தார். ஒவ்வொரு தலைப்பிலும் கொஞ்சம் அரிந்து இடைவெளி விட்டோம். அளவு சொன்னவன் நான். எந்தக் கடதாசியிலிருந்து சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

பின்னேரம் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். வீட்டுக்காரரின் மனைவி சன்னலோரம் இருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. கன்னத்தில் தழும்பு. சுகம் கேட்டேன்.

"எட்டாம் வகுப்புப் பாடம், தம்பி" என்றார். "தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவில ஏன் இடைவெளி விடுறது எண்டு எத்தினை வருசம் கரும்பலகையில எழுதினனான். அண்டைக்கு அந்த மூலையில இருந்து அவர் இறுக்கி அடிக்கிற சத்தம் கேக்கேக்கயே எனக்கு விளங்கிட்டுது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான் முன்னுக்கு இருந்தாலே அபசகுனம். வாய் திறந்தா விடுவினமோ? நீங்கள் வாசிச்சிருப்பியள், சொல்லுவியள் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்." என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "உங்கட வாயை ஆர் பொத்தினது?"

அண்ணையிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று முணுமுணுத்தேன். சொல்லிறதும் சொல்லாததும் உங்கட பாடு என்றார். தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் தள்ளி வைத்தார். அண்ணையிடம் நான் சொல்லவில்லை. அவர் இறக்கும்வரை அந்தப் பழியைத் தன்மேல் வைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று நான் வெளியே போகத் திரும்பியபோது, சன்னலோரம் இருந்தவர் கடைசியாக ஒன்று சொன்னார்.

"போகேக்க அந்த வெளிக்கதவைச் சாத்திவிட்டுப் போங்கோ. என்னால உருட்டிக்கொண்டு வந்து சாத்த ஏலாது."

சாத்திவிட்டுப் போனேன்.