நாலு விரல் உயர்த்திய கார்

திங்கட்கிழமை பின்னேரங்களில் அப்பாவின் கையிலிருந்து ஒரு மணம் வரும். அழுகிய முட்டையையும் தீக்குச்சி மருந்தையும் எண்ணெயில் ஊறப்போட்டால் எப்படியிருக்கும், அப்படியொரு மணம். மற்ற ஆறு நாளும் அவரிடம் வெங்காயமும் கொத்துரொட்டியும் மணக்கும். பாரிஸில் ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஓர் உணவகத்தின் குசினியில் அவர் வேலை செய்தபடியால் அந்த மணத்துக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. திங்கட்கிழமை உணவகம் பூட்டு. காலையில் குளித்து வெளிக்கிட்டுப் போகிறவர் பொழுதுபட முன் வந்து, நேரே குளியலறைக்குள் புகுந்து, சவர்க்காரத் தூளும் தேசிக்காய்த் தோலும் போட்டுக் கை தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க மணம் குறையாது, அம்மாவின் சந்தேகம்தான் கூடும்.

நானும் ஒரு சந்தேகப் பிராணிதான். இன்றைக்கும் பால் பெட்டியில் உள்ள திகதியை மூன்று தரம் பார்ப்பேன். கதவைப் பூட்டி நாலு படி இறங்கி, திரும்ப ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பேன். இது அம்மா வழியாக வந்தது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த நாட்களில், ஊரில் போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியும், எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுவதுமே அப்படித்தான் இருந்தது. யார் யாரோடு கதைக்கிறார், யாருக்கு எங்கிருந்து தொலைபேசி வருகிறது, யார் திடீரென்று புதுச் சப்பாத்துப் போட்டிருக்கிறார் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரக்கறிக் கடையில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினால் மூன்றாவது ஆள் கத்தரிக்காய் பொறுக்குவதை நிறுத்திவிடுவார்.

ஒருநாள் சோபாவுக்கு அடியில் கூட்டும்போது அம்மாவின் கையில் ஒரு ஜாம் போத்தல் அகப்பட்டது. உள்ளே மண்ணிறத்தில் கலங்கலாக ஏதோ இருந்தது.

"இதென்ன, பால்தேத்தண்ணியோ?" என்று அம்மா கேட்டார்.

"கியர் ஒயில். தண்ணி கலந்து போச்சு. எவ்வளவு தண்ணியெண்டு பாக்கத்தான் அடைய வைச்சனான்," என்றார் அப்பா.

"எந்தக் கியர்?"

"காரின்ரை."

"எந்தக் கார்?"

எங்களுக்கு ஒரு கார் இருக்கிறது என்று நாங்கள் அறிந்துகொண்டது இப்படித்தான். என்னைவிட மூன்று வயது மூத்த, பச்சை நிறச் சுபாரு. நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும், இழுக்கும் கார். பாரிஸுக்கு வெளியே சார்செலில் இருக்கும் அப்பாவின் கூட்டாளி நேசன் மாமாவின் 'பொக்ஸ்'இல் அது நிற்கிறதாம். இரண்டு பேருமாக அதை உயர்த்துகிறார்களாம்.

"உயர்த்தி?" என்றார் அம்மா.

"அடி தட்டாமல் போகும்."

"பாரிஸிலை எங்கையப்பா அடி தட்டுது?"

அதற்கு அப்பா பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூட விடுமுறை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று அம்மா என்னை வெளிக்கிடுத்தி விட்டார். சீப்பால் தலை இழுக்கும்போது காதுக்குள் சொன்னது வேறு: "ஆர் ஆர் வருகினம், எந்தப் பொம்பிளை நிக்கிறாள் எண்டு வடிவாப் பார்." ஒற்றர் வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் அம்மாவுக்குக் கிடைத்திருக்க மாட்டாள். கார் து நோர் ரயில் நிலையத்தில் ஏறியது முதல் நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே போனேன்.

சார்செலில் பெண் யாரும் நிற்கவில்லை. மாடிக் கட்டடங்களின் அடியில், இழுத்து மூடும் இரும்புக் கதவு போட்ட சின்னச் சின்ன வாகன அறைகள் வரிசையாக இருந்தன. அதைத்தான் 'பொக்ஸ்' என்பார்கள். அதில் ஒன்றுக்குள்ளிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களின் சொந்தக்காரர் நேசன் மாமா. வன்னியிலிருந்து வந்து ஒரு வருடம்தான். ஊரில் வாகனம் திருத்தியவர், இங்கே சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். தனி ஆள். வாய் ஓயாது. காரின் வயிற்றுக்கு அடியில் கிடந்தபடியே கதைப்பார்.

ஸ்பிரிங்குக்கு மேலே, காரின் உடம்போடு சேருமிடத்தில் அலுமினியக் கட்டைகளைச் செருகிப் பூட்டினார்கள். அதனால் கார் நாலு விரல் உயர்ந்தது. அப்பாவுக்கு அது காணாது, ஆறு விரலாவது வேண்டும்.

"அண்ணை, ஆசைக்கு உயர்த்த ஏலாது," என்றார் நேசன் மாமா. "கூட உயர்த்தினால் அக்சில் சரிஞ்சு நிக்கும். பிறகு இந்த றப்பர் உறை கிழியும், கிரீஸ் வெளியிலை வரும், மண் உள்ளுக்கை போகும். நாலு விரல் காணும். கார் உங்களுக்குச் சொல்லும், நீங்கள் கேக்கவேணும்."

துருப்பிடித்த இடங்களைக் கம்பித் தூரிகையால் உரஞ்சி மெழுகு பூசினார்கள். எஞ்சினுக்குக் கீழே ஒரு தடித்த தகடு பூட்டினார்கள், கல்லில் மோதினால் அடி அதற்கு விழட்டும் என்று. பல் வைத்த ரயர் நாலும் சுவரோடு சாய்ந்து நின்றன. கைபிரேக்குக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டித் தடி இருந்தது. அதைத் தூக்கிவிட்டால் கார் நடக்கிற வேகத்தில் சுவரிலும் ஏறும் என்று நேசன் மாமா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பின்பக்கத்தில் ஒரு மண்வெட்டி, தடித்த கயிறு, இரண்டு போர்வை, மலைப்பாதைகள் உள்ள ஒரு வரைபடம். நான் எல்லாவற்றையும் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

பெண் இல்லை என்று சொன்னதும் அம்மா நிம்மதியாகத் தேத்தண்ணி ஊற்றினார். எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. உயர்த்திய கார், கயிறு, போர்வை, மலை வரைபடம், வாய் திறக்காத அப்பா. எங்கள் சனத்துக்குள் 'ஏஜென்சி' என்றொரு சொல் உண்டு. விமானச் சீட்டு விற்கும் கடை என்று நினைக்க வேண்டாம். ஆட்களை எல்லை தாண்டிக் கூட்டி வருகிறவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். அப்பாவும் அம்மாவும்கூட ஒரு காலத்தில் ஏஜென்சி வழியாக, ஒரு வாகனத்தின் பின்பக்கத்தில் படுத்துப் பனி மலையைக் கடந்து வந்தவர்கள்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அப்பா ஏஜென்சி.

பயப்படவேண்டிய நான் பெருமைப்பட்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பக்கத்தில் இருக்கும் ஆரணியிடம், ஒருவருக்கும் சொல்லாதே என்று ஆணையிட்டுவிட்டு, பிரெஞ்சில் சொன்னேன்: எங்கள் அப்பா மலைக்குள்ளால் ஆட்களைக் கொண்டுவருகிறார். எங்களுக்கு ரகசியமெல்லாம் பிரெஞ்சில்தான்.

இரண்டு கிழமை கழித்து ஆரணியின் தாய் வதனி அன்ரி எங்கள் வீட்டுக் கதிரையில் வந்திருந்தார். கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய தம்பி. முகாமிலிருந்து வெளியே வந்து, எப்படியோ இத்தாலி வரைக்கும் வந்துவிட்டானாம். அங்கிருந்து இங்கே வர வழியில்லையாம்.

"தங்கச்சி, நான் அப்பிடியான ஆள் இல்லை," என்றார் அப்பா.

"ஓம் அண்ணை. நீங்கள் அப்பிடித்தான் சொல்லவேணும். எனக்கு விளங்குது."

"உண்மையாத்தான் சொல்லுறன். ஆர் உங்களுக்கு இந்தக் கதை சொன்னது?"

"அதை மட்டும் கேக்காதேங்கோ. சொன்ன ஆளை நான் காட்டிக் குடுக்க மாட்டன்."

அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் பேச்சையும் பெரிய மனிதரின் ரகசியம் போல நெஞ்சுக்குள் பூட்டி வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, மூச்சு விடாமல், அவருக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு வேறு ஆட்களும் வந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு படம். அப்பா இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. மரக்கறிக் கடையில் கறிவேப்பிலை கேட்காமலே பையில் விழுந்தது. சிலர் அப்பாவைக் கண்டதும் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறினார்கள். அப்போது அப்பா குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். யாராவது ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் 'பப்பியே' என்கிற பத்திரமெல்லாம் போச்சு என்று அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் அழுதார். கடைசியில் ஒருநாள், "இஞ்சேருங்கோ, நீங்கள் போற இடத்தை எனக்குக் காட்டுங்கோ. இல்லாட்டி அந்தக் காரை விட்டிட்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டார்.

அடுத்த விடுமுறைத் திங்கள் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். நகரத்தைத் தாண்டி ஒன்றரை மணித்தியாலம். எல்லையும் இல்லை, மலையும் இல்லை; அந்த வரைபடம் வாங்கும்போதே காருக்குள் கிடந்ததாம். கைவிடப்பட்ட ஒரு கல் உடைக்கும் குழி. அதன் சொந்தக்காரர் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். ஐந்தாறு பழைய கார்கள் சேற்றுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அம்மாவையும் என்னையும் மேட்டில் இறக்கிவிட்டு, அப்பா குட்டித் தடியைத் தூக்கினார். கார் குடுகுடு என்று சத்தம் போட்டபடி பள்ளத்துக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரைக் கடந்து, ஒரு பக்கச் சில்லு அந்தரத்தில் சுற்ற, மற்றப் பக்கத்தால் கரையைப் பிடித்து ஏறியது. கண்ணாடிக்குள் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு பல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இதைச் சொன்னால் என்ன?" என்றார் அம்மா.

"எப்பிடிச் சொல்லுறது? அங்கை சனம் செத்து முடிஞ்சு ரெண்டு வருசம். தம்பியை எந்த இடத்திலை போட்டாங்கள் எண்டும் தெரியாது. நான் இஞ்சை சேத்துக்கை கார் ஓடி விளையாடுறன் எண்டு ஆருக்குச் சொல்ல?" கொஞ்ச நேரம் ஸ்ரேரிங்கைத் துடைத்தார். "இதுக்குள்ளை இருக்கேக்கை வேறை ஒண்டும் யோசிக்க ஏலாது. சில்லு எங்கை நிக்குது எண்டு மட்டும்தான் யோசிக்கலாம்."

சித்தப்பாவைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அம்மா அவர் சட்டையில் தெறித்திருந்த சேற்றைத் தன் சால்வையால் துடைத்தார். தம்பியை நினைக்காமல் இருக்க அவர் தேடிப்பிடித்த ஓரிடத்துக்குள், ஊரில் உள்ள தம்பிமாரின் படங்களையெல்லாம் நான் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்த அன்றே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பா அதற்குள் கதை பரப்பிய ஆளைப் பிடித்துவிட்டார். காரைப் பற்றித் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருக்கு வாயும் ஓயாது.

"நேசன்தான்," என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினார். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து ஓடவில்லை, ஆனாலும் தலையை நிமிர்த்தவில்லை.

சார்செலுக்குக் காரைக் கழுவப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். "நீ ஆருக்கும் கதைச்சனியோ?" என்று அப்பா கேட்டார். நேசன் மாமா கையில் இருந்த சாவியைக் கீழே வைத்தார்.

"என்னைப் பாத்தோ அண்ணை கேக்கிறியள்?"

"வேறை ஆரைக் கேக்க?"

அவர் மறுத்தார். மறுப்பதை யார்தான் நம்பினார்கள்? அப்பா மறுத்ததை நம்பாத ஊரில், அப்பாவும் அவருடைய மறுப்பை நம்பவில்லை. நேசன் மாமா என்னைப் பார்த்து, "பிள்ளை, போயிட்டு வாங்கோ," என்று மட்டும் சொல்லி, இரும்புக் கதவை இழுத்து மூடினார். நான் அன்றைக்கும் சொல்லவில்லை. அடிக்குப் பயந்து அல்ல, அப்பாவின் முகத்துக்குப் பயந்து.

நிறுத்த வேறு இடம் இல்லாமல், கழுவாத கார் எங்கள் தெருவுக்கே வந்தது. நகரத்துக் கார்களுக்கு நடுவில், சேறு காய்ந்த பல் ரயர்களோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. போகிற வருகிற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் அந்தக் குழிக்கு வரும் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அப்பா அதைக் கொடுத்துவிட்டார். வதனி அன்ரியின் தம்பி ஆறு மாதம் கழித்து, தன்பாட்டில், சாதாரண ரயிலில் ஜன்னலோரம் இருந்து வந்து சேர்ந்தான். அன்ரி ஒரு பெட்டி லட்டோடு வந்து அப்பாவுக்குக் கண்கலங்க நன்றி சொன்னார். நான் இல்லை என்று அப்பா சொன்னார். ஓம் அண்ணை, விளங்குது என்றார் அன்ரி.

பதின்மூன்று வருடம் போய்விட்டது. போன கோடைக்கு நான் ஒரு பழைய கார் வாங்கினேன். அப்பா குனிந்து அதன் அடியைப் பார்த்துவிட்டு, "இதை நேசன் ஒருக்காப் பாத்தால் நல்லது," என்றார். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டு நின்றார். அத்தனை வருடத்தில் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் கேட்டதில்லை.

தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆரணி, தமிழ்ப் பள்ளி, கதவுக்குப் பின்னால் நின்றது, எல்லாம். அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "உனக்கு அப்ப பத்து வயசு," என்றார். பிறகு, "எனக்கு நாப்பத்திரண்டு," என்றார். கார்க் கதவைத் திறந்து ஏறி இருந்து, "சார்செலுக்கு விடு," என்றார்.

அந்த இரும்புக் கதவு அறைகள் இப்போது இல்லை. இடித்து நிரவி, சின்ன மரங்கள் நட்டு, சைக்கிள் நிறுத்த வளையங்கள் வைத்திருந்தார்கள். எந்த இடத்தில் கார் நின்றது என்று அப்பா காலால் அளந்து பார்த்தார், பிடிபடவில்லை. அந்தப் பச்சைக் கார் இப்போது எந்த இரும்புக் குவியலில் கிடக்கிறதோ. கீழே நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணிடம் விசாரித்தோம். நேசன் அண்ணை அதே கட்டடம்தான், நாலாம் மாடி என்றார்.

கதவைத் திறந்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் பாத்திரம் துடைக்கும் துணி. அப்பாவைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்த படிக்கட்டைப் பார்த்தார். வழி முழுவதும் அப்பா ஏதேதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர்.

"நேசன்," என்றார், "அது நீ இல்லையாம்."

நேசன் மாமா துணியைத் தோளில் போட்டார்.

"அது எனக்குத் தெரியும்தானே, அண்ணை."